கைலி கட்டிய மாஸ்டர்

அன்று அந்த அறைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் மாமி, அதாவது மாமியார், நாத்தனார் ஜுபைதா, மடியில் என் நாலு மாதக் குழந்தை, எதிரே ரத்னா அக்கா. சாத்திய கதவுக்கு வெளியே இரண்டு பேர்: என் கணவர், ரத்னா அக்காவின் கணவர் மாஸ்டர் வைத்தியலிங்கம். சிதம்பரத்தில் ஒரு வாடகை வீடு. அறை முழுக்க யூகலிப்டஸ் தைல வாடை...

மாஸ்டரை இப்போது யாருக்கும் தெரியாது. அறுபதுகளில் எங்கள் பக்கத்தில் அவரைத் தெரியாதவர் கிடையாது. கடலூரில் எந்த சலூனுக்குப் போனாலும் கண்ணாடிக்கு மேலே அவர் படம் இருக்கும் என்பார்கள். மைதானத்தில் இரும்புக் கம்பியை வளைப்பார், கிளம்புகிற ஜீப்பைக் கயிறு கட்டி நிறுத்துவார். கைதட்டல் ஓய்ந்ததும் மைக்கைப் பிடித்து, "இதெல்லாம் வித்தை. நீங்க பண்ண வேண்டியது வேற" என்று ஒரு பெரிய தாளை விரிப்பார். பன்னிரண்டு படம், பன்னிரண்டு பயிற்சி. எல்லாவற்றிலும் அவரேதான், சிறுத்தைப் புள்ளி போட்ட ஜட்டியோடு.

இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிய முடியாது. முக்காலியில் உட்கார்ந்து தொழுதேன். டாக்டர் அப்படித்தான் சொன்னார், மார்க்கத்திலும் அதற்கு இடமுண்டு. ஆனால் எனக்கு வயது இருபத்திரண்டு. பக்கத்தில் மாமி தரையில் நெற்றி வைத்து சஜ்தா செய்வார், நான் முக்காலியிலிருந்து தலையை மட்டும் தாழ்த்துவேன்.

பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், உட்கார்ந்து தொழுத ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கோடு போட்டு வந்தேன். நோன்பு மாதத்துக்குள் அந்தக் கோடு நிற்க வேண்டும். அது ஒன்றுதான் நான் கேட்ட துஆ.

மச்சான், அதாவது என் கணவர், சிதம்பரத்தில் மாஸ்டரின் காட்சி பார்த்துவிட்டு அந்தத் தாளோடு வந்தார். மாமி பிரித்துப் பார்த்தார்.

"ஏண்டா, தொழுவுற வூட்டுல இத்த மாட்டுவியா?"

"எக்ஸர்சைஸ் படம்மா அது."

"எதுவா இருந்தா இன்னா? மொதல்ல அவனுக்கு ஒரு கைலி கட்டி வுடு."

ஜுபைதா அதை அப்படியே செய்தாள். நீலக் காகிதத்தில் பன்னிரண்டு கைலி வெட்டி, இடுப்பிலிருந்து பாதம் வரை பசை தடவி ஒட்டினாள். காலைத் தூக்கி நிற்கும் படத்துக்கு மட்டும் மடித்துக் கட்டிய கைலி. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒவ்வொரு படத்திலும் பாதத்துக்கு அருகில் எண் அச்சாகியிருந்ததை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. கைலி அதையும் மூடிவிட்டது.

நான் பள்ளிக்கூடம் போனதில்லை. வீட்டிலேயே ஓதக் கற்றேன், தமிழைக்கூட முதலில் அரபு எழுத்தில்தான் வாசித்தேன். மளிகை கட்டி வந்த காகிதங்களைப் பார்த்துத் தமிழ் எழுத்தை நானாகப் பிடித்துக்கொண்டது அப்புறம். அதனால் எந்தத் தாளைப் பார்த்தாலும் என் கண் வலது பக்கத்திலிருந்துதான் கிளம்பும். வரிசைக்கு நாலு படம். நான் மேல் வரிசையின் வலது ஓரத்தில் ஆரம்பித்தேன். முழங்கால் மடங்காமல் குனிந்து கால்விரலைத் தொடுகிற படம்.

பதினைந்து நாள் செய்தேன். வலி ஜாஸ்தியானது. ஒரு நாள் முக்காலியில்கூட உட்கார முடியாமல், படுத்தபடி தொழுதேன். அந்த வேளைக்குக் கோடு போட மனம் வரவில்லை...

"கெளம்பு. அந்த ஆளையே கேட்டுடுவோம்" என்றார் மாமி. தாளைச் சுருட்டிக்கொண்டு கடலூர் ஓ.டி. ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயில் ஏறினோம்.

மாஸ்டர் எங்களைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். எந்த ஊரிலும் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ரத்னா அக்காதான். மேடையில் அவர் பேர் வந்ததே இல்லை.

தாளை விரித்த அக்கா வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்துச் சிரித்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏங்க, ஒங்களுக்கு பன்னெண்டு கைலி எடுத்துக் குடுத்திருக்காங்க."

வெளியிலிருந்து கேட்டது. "நல்லா இருக்கா?"

"இதுலதான் மனுசனாட்டம் இருக்கீங்க."

அப்புறம் என் பக்கம் திரும்பி, "எதுல ஆரம்பிச்சம்மா?" என்றார். நான் காட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"இது நாலாவதும்மா. மொத மூணையும் ஒரு மாசம் பண்ணிட்டுதான் இதத் தொடணும்." நகத்தால் கைலியைச் சுரண்டி எண்ணைக் காட்டினார்.

"நாங்க வலப்பக்கத்துலேர்ந்து படிக்கிறவுங்கம்மா" என்றார் மாமி.

"அப்ப தப்பு எங்க மேலதான். நம்பரத் தலைக்கு மேல போட்டிருக்கணும்."

எப்படித் தொழுவோம் என்று அக்கா கேட்க, மாமி குனிந்து, நெற்றி வைத்து, எழுந்து காட்டினார். "இந்த வயசுலயா? நீங்கதாம்மா பயில்வான்" என்றார் அக்கா. மாமிக்கு வெட்கம் வந்து நான் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

முதல் மூன்றையும், தரையிலிருந்து இடுப்பை உலுக்காமல் எழுந்திருக்கும் பன்னிரண்டாவதையும் என்னைச் செய்ய வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினார்.

நோன்புக்கு மூன்று நாள் முன்னால், பொழுது சாய்ந்த மஃரிப் வேளையில், மாமியே முக்காலியை எடுத்து அடுப்படிக்குக் கொண்டுபோனார். நான் நின்று தொழுதேன். பிறகு கோடுகளை எண்ணினேன். படுத்துத் தொழுத அந்த வேளையையும் சேர்த்து எழுநூற்றுப் பதின்மூன்று.

இப்போது பேத்தி தினமும் போனில் எக்ஸர்சைஸ் வீடியோ அனுப்புகிறாள். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம். நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எதில் ஆரம்பித்தாய் என்று அதில் யாரும் என்னைக் கேட்பதில்லை...

பதினொரு பயிற்சி இன்றும் நினைவிருக்கிறது. பன்னிரண்டாவது மறந்துவிட்டது. இப்போது சஜ்தாவுக்குப் போய்விடுகிறேன், எழுந்திருக்கத்தான் மருமகளின் கை வேண்டியிருக்கிறது. முக்காலி வாங்கட்டுமா என்று மகன் இரண்டு முறை கேட்டுவிட்டான். எங்கள் தாள் ஒரு வெள்ளத்தில் ஊறிப்போனது.

இந்தக் குழுவில் கடலூர், சிதம்பரத்தில் சலூன் வைத்திருந்த குடும்பத்தார் இருந்தால், தயவுசெய்து மாஸ்டரின் அந்தத் தாள் பரணில் கிடக்கிறதா என்று பாருங்கள். எனக்கு வேண்டியது கீழ் வரிசை, வலது ஓரம். கைலி இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நோன்புக்கு இன்னும் நாற்பது நாள்தான் இருக்கிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.