சீனிக்கு ஒரு நேர்த்தி

தர்மபுரத்து மூக்கன் ஒரு கலியாணத் தரகர். அவர் பேசி முடித்த கலியாணங்களில் பெரும்பாலானவை நிலைத்திருக்கின்றன. நிலைக்காதவற்றுக்குச் சாதகம் பார்த்தவர் பொறுப்பு. கலவரத்துக்குத் தப்பித் தேயிலைத் தோட்டத்திலிருந்து லொறியில் வன்னிக்கு வந்த குடும்பம். இன்றைக்கும் மனைவி சிவலட்சுமியோடு தோட்டத்துப் பேச்சுத்தான். ஸ்கூட்டியில் ஏறிப் படலையைத் தாண்டினால் வாயில் வன்னிப் பேச்சின் ‘ங்கோ’ வந்துவிடும். தொழிலுக்கு வெள்ளை வேட்டி எப்படியோ, இதுவும் அப்படித்தான் என்பார்.

அந்தத் தொழிலில் பாதி, நோய்களுக்கு வேறு பெயர் வைப்பது. மூச்சிழுக்கும் தொய்வு உள்ள பெண்ணுக்குக் ‘குளிர் கொஞ்சம் ஒத்துவராது’. மனம் சோர்ந்து அறையை விட்டு வெளியே வராத பையன் ‘அமைதியான பிள்ளை’. பொய் சொல்லமாட்டேன் என்பது மூக்கனின் கொள்கை; உண்மைக்குச் சட்டை போட்டு அனுப்புவதில் அவருக்கு ஆட்சேபனை இல்லை.

மறு பாதி தேத்தண்ணி. பெண் வீட்டில் கோப்பையைத் தொடாமல் எழும்பினால் சம்மதமில்லை என்று பொருள். சீனியும் பேசும். சம்பந்தத்தில் ஆசையுள்ள வீட்டில் கரண்டி ஓயாது. ஆகவே தொழில் செழித்த மாதங்களில் மூக்கனின் சீனி வருத்தமும், அதாவது நீரிழிவும், கூடவே செழித்தது.

வலது காற் பெருவிரலில் செருப்புக் கடித்த புண் ஆறாமல் நின்றபோதுதான் அவர் பயந்தார். சீனியை நிறுத்தாமல் அடுத்த கிளினிக்குக்கும் இப்படியே வந்தால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். விரல் போவதைவிட, நொண்டிக்கொண்டு வரும் தரகரை நல்ல காரியத்துக்கு எவர் கூப்பிடுவார் என்பதே மூக்கனின் கவலை. சீனி பாவிக்கிறீர்களா என்று தாதி தர்மிளா கேட்டார். வீட்டில் ஒரு மணிகூட இல்லை என்றார் மூக்கன். அது உண்மை. சிவலட்சுமி சீனிப் போத்தலைக் கழுவி மிளகு போட்டுவைத்திருந்தார். வீட்டில் எத்தனை தரம் தேத்தண்ணி குடிக்கிறீர்கள் என்று தர்மிளா கேட்கவில்லை. கேட்டிருந்தால், விடிய ஒரேயொரு தரம் என்ற இன்னோர் உண்மையும் கிடைத்திருக்கும்.

டொக்டரின் சொல்லை அவர் முதலில் பரந்தனில் பரீட்சித்தார். அங்கே அன்னபாக்கியத்தின் மூத்த மகள் சிவரூபிக்கும் துணுக்காய்ப் பையன் யதுர்ஷனுக்கும் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வருத்தம் இருக்கிறது, டொக்டர் சீனியை நிறுத்தச் சொன்னவர் என்று மூக்கன் குசினிப் பக்கம் பார்த்துச் சொன்னார்.

“ஒரு நாளைக்குக் குடிச்சா ஒண்டும் செய்யாது,” என்றார் அன்னபாக்கியம். “இவருக்கும் உந்த வருத்தம்தான். கடைசி வரைக்கும் சீனி போட்டுத்தான் குடிச்சவர்.”

அவர் கைகாட்டிய இடத்தில், சுவரில், கணவர் மாலையோடு இருந்தார். மூக்கன் குடித்தார்.

அதோடும் முடியவில்லை. தரகர் பரந்தனில் தேத்தண்ணிக்குக் குறை சொன்னாராமே, அந்த வீட்டில் ஏதும் குறையோ என்று துணுக்காயில் மறுநாளே கேட்டார்கள். இல்லை என்று நிரூபிக்க அங்கே மூக்கன் இரண்டு கோப்பை குடிக்க வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் புண்ணுக்கு மருந்து கட்டிக்கொண்டே சிவலட்சுமி வழி சொன்னார்.

“நோயின்னா ஆளாளுக்கு டாக்டராயிடுறாங்க. சாமின்னு சொல்லிப் பாருங்க, ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க.”

கலியாணப் பத்திரிகையைச் சாமி காலடியில் வைக்க மட்டுமே கோயிலுக்குப் போகிறவர் மூக்கன். சாமிக்கு வைக்காத நேர்த்திக்கடனை எப்படிச் சொல்வது என்று தயங்கினார். மாப்பிள்ளைக்கு இல்லாத காணியைச் சொன்ன வாய்தானே என்றார் சிவலட்சுமி.

அடுத்த முறை பரந்தனில் கோப்பை வந்ததும் மூக்கன் இரண்டு கையையும் கூப்பினார்.

“சந்திப் பிள்ளையாருக்கு நேர்த்தி, அக்கா. இனிப்பு விட்டிருக்கிறன்.”

அன்னபாக்கியம் பதறிப்போனார். தேத்தண்ணியை வாழையடியில் ஊற்றினார், கோப்பையைச் சுடுதண்ணீரில் கழுவினார், சீனி படாத வேறு கரண்டி தேடினார். தட்டில் இருந்த கிறீம் பிஸ்கற்றும் உள்ளே போயிற்று. படித்துப் பட்டம் பெற்ற டொக்டரின் வார்த்தையை ஒரு கையசைப்பில் தள்ளியவர், வாய் திறவாத பிள்ளையாருக்கு அப்படியே கட்டுப்பட்டார்.

என்ன நேர்த்தி என்று கேட்டவர்களிடம், சொன்னால் பலிக்காது என்றார் மூக்கன். ஆகவே சனமே காரணத்தைக் கண்டுபிடித்தது. தான் பேசும் சம்பந்தங்கள் கூடிவர வேண்டும் என்று மனுசன் நேர்த்தி வைத்திருக்கிறார்! எந்தத் தரகர் இப்படிச் செய்வார்? ஸ்கூட்டி போகாத ஒழுங்கைகளிலிருந்தெல்லாம் அழைப்பு வந்தது. போன வீடெல்லாம் சீனியில்லாத தேத்தண்ணி. புண் காய்ந்து தோல் மூடியது. அடுத்த கிளினிக்கில் டொக்டர் விரலைப் பற்றிப் பேசவே இல்லை. என்ன செய்தீர்கள் என்று தர்மிளா கேட்டதற்கு மூக்கன் நேர்த்தி என்றார். நல்லது, விடாமல் செய்யுங்கோ, ஆனால் கோயிலைச் சுற்றி வெறுங்காலோடு நடக்கவேண்டாம் என்றார் தர்மிளா.

சிவரூபியின் கலியாணம் நடந்தது. ஆபத்தும் அதோடு வந்தது. நேர்த்தி தன் மகளுக்காகத்தான் என்று அன்னபாக்கியம் முடிவு கட்டி, சந்திப் பிள்ளையார் கோயிலில் பெரிய பானையில் சர்க்கரைப் பொங்கல் பொங்கினார். கசுக்கொட்டை, முந்திரிகைவத்தல், நெய். முதல் வாய் மூக்கன் உண்டு நேர்த்தியை முடிக்க வேண்டும். ஒரு வாய்ப் பொங்கலால் விரல் போகாது. ஆனால் நேர்த்தி முடிந்தால் நாளைக்கே வன்னி முழுவதும் சீனிக் கரண்டிகள் எழும்பிவிடும்.

வாழையிலைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கன் நின்றார். சனம் அவருடைய வாயைப் பார்த்தது. அவர் பார்த்தது அன்னபாக்கியத்தின் கையை. பொங்கியவர் தனக்கென்று ஒரு பருக்கைகூட எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டதும் அவர் மூக்கனைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

“எனக்கும் உந்த வருத்தம்தானாம். போன கிழமை கிளினிக்கில சொன்னவை. வெளியில சொல்லிப்போடாதேங்கோ, சின்னவளுக்கும் பேச இருக்கு.”

நோய்க்குச் சட்டை போடும் வேலை. மூக்கனுக்கு யோசிக்க நேரம் தேவைப்படவில்லை. திரும்பி வந்து பொங்கலைப் பிள்ளையாரின் முன் வைத்தார்.

“நேர்த்தி இன்னும் முடியேல்லை. அக்காவும் சேர்ந்திருக்கிறா. சின்னவள் கிருசாந்தியின்ர கலியாணம் முடியிற வரைக்கும் எங்கள் ரெண்டு பேருக்கும் இனிப்பில்லை.”

சனம் கைகூப்பியது. பொங்கலைப் பொம்பிளை மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சாப்பிட்டார்கள். வீட்டுக்குப் புறப்பட்ட மூக்கனை ஐயர் தனியே மறித்து, இந்த நேர்த்தியில் இடையில் சேரலாமோ என்று விசாரித்தார்.

கிருசாந்தி உயர்தர வகுப்பில் கணிதம் படிக்கிறாள். படிப்பு முடிய முன் கலியாணப் பேச்சை எடுத்தால் இரண்டு பேருக்கும் கேசரி கிண்டித் தருவேன் என்று சொல்லிவைத்திருக்கிறாள். பல்கலைக்கழகம் கிடைத்தால் அதற்குப் பிறகும் நாலு வருசம் இருக்கிறது. அதனால் மூக்கன் இப்போது வெள்ளிக்கிழமைகளில் செருப்போடு சந்தி வரை போய், கோயில் வாசலில் அதைக் கழற்றிவிட்டு, அவளுடைய பரீட்சைக்காகப் பிள்ளையாரைக் கும்பிடுகிறார். உண்மையாகவே கும்பிடுகிறார்.