செவலை உதைக்கவே இல்லை

நாச்சியாபுரத்து மீனாள் பால் கறக்கும்போது மாட்டோடு ஓயாமல் பேசுவாள். மனுசர்களிடம் அந்த அளவுக்குப் பேச்சில்லை. வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவளுக்கும் சேர்த்துப் பேசியவன் புருஷன் குழந்தைவேலுதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் அவள் வயிறு மெல்ல மெல்ல மேடிட்டது. மகள் விசாலத்துக்குக் கோட்டையூரில் மாப்பிள்ளை பேசி முடிக்கிற நேரம். கல்யாண வயசில் பெண்ணை வைத்துக்கொண்டு தாய்க்காரி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? "செவலை உதைச்சிருச்சு, அதான் வீங்கிக் கெடக்கு" என்று குழந்தைவேலு டீக்கடையில் சொல்லிவைத்தான். பொய்க்குத் தோதாக அந்தச் சாதுப் பசுவைத் தொழுவத்திலிருந்து பிரித்துக் கொல்லைக் கோடியில் கட்டினான். மீனாளுக்கு வயிற்றைவிட அதுதான் வலித்தது.

சோறு இறங்காமல் மெலிந்துபோன பிறகு மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வெள்ளை மருந்துக் கரைசலைக் குடிக்கவைத்துப் படம் எடுத்தார்கள். இரைப்பையை ஏதோ ஒன்று பின்னாலிருந்து முன்னே தள்ளியிருந்தது.

"கணையத்துல நீர்க்கட்டி மாதிரி இருக்கு. வயித்துல எப்பவாவது அடிபட்டுச்சா?" என்று கேட்டார் டாக்டர்.

மீனாள் வாய் திறக்குமுன் குழந்தைவேலு முந்திக்கொண்டான். "மாடு உதைச்சிருச்சுங்கய்யா."

"அப்ப சரி. அடிபட்டதுல கணைய நீர் கசிஞ்சு தேங்கியிருக்கும். இரைப்பைக்குள்ள வழி பண்ணி வடியவிட்டாப் போதும். தானா வளர்ந்த கட்டின்னாத்தான் வம்பு. அதை முழுசா வெட்டி எடுக்கணும். விட்டுவச்சா பின்னாடி புற்றுநோயா மாறலாம்."

மீனாள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள். மாப்பிள்ளையின் அத்தை பொன்னழகு, ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தவள், கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். இவள் முன்னால் பொய் உடைந்தால் மகள் கல்யாணம் என்னாவது? உடையாவிட்டால் அந்தக் கல்யாணத்தைப் பார்க்கத் தாய்க்காரி உயிரோடு இருப்பாளா? பயம் வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

"ஐயா, செவலை உதைக்கல. யாரும் உதைக்கல. ஒரு வருசத்துக்கு மேல தானா வளருது. ஊருக்குப் பயந்து இவுக சொன்ன கதை அது."

குழந்தைவேலு தரையைப் பார்த்தான். டாக்டர் படத்தை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தார். "நல்லவேளை சொன்னீங்கம்மா" என்றார்.

பொன்னழகுதான் முதலில் சிரித்தாள். "ஏன் மதினி, நோவுன்னு சொன்னா பொண்ணு வேணாம்னா போயிருவோம்? வாயில்லாத மாட்டு மேல போயி பழி போட்டிருக்கீகளே!"

அறுவைச் சிகிச்சையில் கணையத்தின் வால் பகுதியையும் மண்ணீரலையும் சேர்த்துக் கட்டியை உடையாமல் எடுத்தார்கள். சோதித்ததில் அது தானாக வளர்ந்த வகைதான். புற்றாக இன்னும் மாறவில்லை. அதைக் கேட்டுக் குழந்தைவேலு வராந்தாவில் உட்கார்ந்து அழுதான்.

ஊர் திரும்பிய மீனாள் வீட்டுக்குள் போகவில்லை. நேரே கொல்லைக்குப் போய்ச் செவலையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். "இதுகிட்ட மாப்புக் கேளுங்க" என்றாள்.

குழந்தைவேலு வேலிக்கு அங்கிட்டு யாரும் இல்லையே என்று பார்த்துக்கொண்டு முணுமுணுத்தான். "செவலை உதைக்கல."

"சத்தமாச் சொல்லுங்க. டீக்கடை வரைக்கும் கேக்கணும்ல?"