பன்னீர் வழியே பேப்பர் படிப்பவர்

சப்பைக் கண்ணாடிப் போத்தலைச் செய்தித்தாளின் மேல் படுக்க வைத்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கமலநாதன் குனிந்தார். போத்தலுக்கு அடியில் காப்பார் ஊரைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இறைவனடி சேர்ந்திருந்தார். பிள்ளைகள் ஐவர், பேரப்பிள்ளைகள் பதினொருவர், கருமக்கிரியை ஞாயிறு காலை பத்து மணிக்கு. கடைசி வரியில் பொடியாக அச்சிட்டிருந்த கைப்பேசி எண்வரை பிசிறில்லாமல் தெரிந்ததும், "ஓகே லா" என்று நிமிர்ந்தார். பெரியவரின் மறைவைப் பற்றி அவர் சொன்னதல்ல அது. போத்தலில் இருந்த மல்லிகை ரூம் ஸ்பிரேயைப் பற்றிச் சொன்னது.

கிள்ளானை அடுத்த மேருவில், லோரிகள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டே நுழையும் தொழிற்பேட்டைச் சந்தின் கடைசித் தகரக் கூரைதான் அவருடைய ராஜ்ஜியம். தரை துடைக்கும் லெமன், அறையில் அடிக்கும் மல்லிகை, உடம்பில் தெளித்துக்கொள்ளும் லாவெண்டர், கல்யாணத்துக்குப் பன்னீர் என்று அங்கே சம்பளத்துக்கு வாசனைத் தண்ணீர் செய்கிறார். பத்தொன்பது வருடங்களாக ஒவ்வொரு கொப்பரைத் தண்ணீரும் மரண அறிவிப்பைத் தாண்டித்தான் வெளியே போயிருக்கிறது. ஏன் மரண அறிவிப்பு என்று கேட்டால் அவரிடம் பதில் தயாராக இருக்கும். "சினிமாப் பக்கத்துல எழுத்து பெருசு பெருசா இருக்கும் அண்ணே. கண்ணு தெரியாதவன்கூட படிச்சிருவான். சாவுப் பக்கந்தான் பொடி எழுத்து." இதனால் கிள்ளான் வட்டாரத்தில் யார் போனாலும் முதலில் அறிபவர் அவர்தான். உறவினர்கள் பேப்பர் வாங்குவதையே நிறுத்திவிட்டு அவருக்குப் போன் செய்கிறார்கள்.

வாசனை என்பது எண்ணெய். தண்ணீரோடு சேராது, மேலே மிதக்கும். இரண்டுக்கும் நடுவே சமரசம் பேச 'சொலுபிலைசர்' என்றொரு பிசுபிசுத்த திரவம் உண்டு. அது குறைந்தால் தண்ணீர் கலங்கும், கூடினால் நுரைத்துக் கையில் ஒட்டும். புதிதாகச் சேரும் தொழிலாளிகளுக்கு அவர் எடுக்கும் பாடம் எப்போதும் ஒன்றுதான். "மொதல்ல எண்ணெயும் இதுவும் நல்லாப் பழகணும். அப்புறந்தான் தண்ணி உள்ள வரணும். அதுவும் கொஞ்சங் கொஞ்சமா. மாப்பிள்ள வீட்டுக்காரங்க மாதிரி ஒரே பஸ்ல வந்து எறங்குனா எல்லாங் கலங்கிப் போயிரும்." இப்படி நாற்பது நிமிடம் நின்று கிண்டி, கண்ணாடிபோல் தெளிய வைத்த லெமனை வாங்கிப்போகிறவர், போன தீபாவளிக்குப் பிறகு கழுவப்படாத துடைப்பத்தை அதில் முக்கித் தரை துடைக்கிறார். அதெல்லாம் கமலநாதனின் கவலை இல்லை.

குளிரிலும் வெயிலிலும் கலங்காமல் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய ஆலைகளில் விலையுயர்ந்த பெட்டிகள் உண்டாம். இவருக்கு இருப்பது வீட்டுக் குளிர்ப்பெட்டியும் பழைய சாகா காரும். காரின் முன்கண்ணாடிக்குக் கீழே எட்டுப் போத்தல்கள் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். காரில் ஏறுகிறவர் திருப்பத்தில் அவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் பயணக் கட்டணம். குளிர்ப்பெட்டியில் பாலுக்கும் தயிருக்கும் இடமில்லை என்று மனைவி மலர்விழி பல வருடமாகப் புகார் சொல்லிவிட்டு, இப்போது தினம் தினம் புதுப் பால் வாங்கக் கற்றுக்கொண்டுவிட்டார். ஒரு தீபாவளியன்று மலர்விழியின் தம்பி இராமலிங்கம், பச்சைத் தண்ணீர் என்று நினைத்து லாவெண்டரை ஒரு மடக்கு குடித்துவிட்டு, தொட்டியில் துப்பிக்கொண்டு நின்றார். வீடே பதறியது. கமலநாதன் மட்டும் நிதானமாக, "கசந்துச்சா மச்சான்?" என்று கேட்டார். கசந்தால் சொலுபிலைசர் கூடிவிட்டது என்று பொருள்.

எல்லாவற்றிலும் அவருக்குச் செல்லம் பன்னீர்தான். அந்தப் பன்னீர் ரோஜாப் பூவின் முகத்தைப் பார்த்ததில்லை. அதை அவர் மறைத்ததும் இல்லை. "நம்ம பன்னீருக்கும் ரோசாவுக்கும் சொந்தம் கெடையாது. ரோசா வாசம், அவ்வளவுதான். லேபல்லயே போட்டிருக்கு. ஆனா தண்ணி சுத்தம் லா, தட்டுல ஊத்துனா தட்டுதான் தெரியும்." பொய்ப் பன்னீரை இவ்வளவு யோக்கியமாகச் செய்கிறவர் மலேசியாவில் வேறு யாரும் இருக்க முடியாது.

போன தை மாதம் மகள் ஷாமினிக்கு நிச்சயம் பேச இரண்டு நாள் ஈப்போ போனார். அந்த இரண்டு நாளில் பிரிக்ஃபீல்ட்ஸ் கடை ஒன்றிலிருந்து பன்னீர் ஓர்டர் அவசரமாக வந்தது. முதலாளி ஜெயராஜ் தானே களத்தில் இறங்கினார். ஆலை அவருக்கு அப்பா விட்டுப்போனது, அறிவு கைப்பேசிக் காணொளிகள் கொடுத்தது. சொலுபிலைசர் பாதி போதும் என்று முடிவு செய்தார், வாசனை தூக்கலாக இருக்கட்டும் என்று இரண்டு மடங்கு ஊற்றினார், தண்ணீரை முதலில் கொட்டிவிட்டு எண்ணெயைக் கடைசியில் கவிழ்த்தார். ஒரு தப்பையும் விட்டுவைக்கவில்லை. அரிசி கழுவிய தண்ணீர் போல வந்ததை முந்நூறு போத்தலில் அடைத்து லோரியில் ஏற்றிவிட்டுத்தான் ஓய்ந்தார்.

திரும்பிவந்த கமலநாதன் மாதிரிப் போத்தலைப் பேப்பர் மேல் வைத்தார். இறந்தவர் ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியவில்லை. பத்து நாளில் எண்ணெய் பிரிந்து போத்தல் கழுத்தில் வளையம் கட்டும், கல்யாண வீடுகளில் பட்டுச் சேலையெல்லாம் கறையாகும், முந்நூறும் திரும்பி வரும் என்று ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் செத்துப் பிழைத்தார். ஆறாம் நாள் பிரிக்ஃபீல்ட்ஸ் பூசைச் சாமான் கடை உஷாராணி அழைத்தார்.

"நாதண்ணே, இத்தன வருசமா இந்தச் சரக்க எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"என்னாம்மா, கலங்கிப் போயிருச்சா?"

"அதுதான்ணே வேணும்! ரோசாப்பூவப் புழிஞ்சா கலங்கலாத்தான வரும்? பாக்குறவங்க எல்லாம் இதுதான் ஒரிஜினல்ங்கிறாங்க. பழசு வெறும் பைப்புத் தண்ணி மாதிரி இருக்காம். அறநூறு அனுப்புங்க. கலங்கல் மட்டும்."

பத்தொன்பது வருட உழைப்பு ஒரு வாக்கியத்தில் பைப்புத் தண்ணீர் ஆகிவிட்டது. அன்று மத்தியானம் கமலநாதன் சாப்பிடவில்லை. அவமானமாக இருந்தது, யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.

ஆலையில் ஒவ்வொரு தயாரிப்புக்கும் ஒரு படிவம் உண்டு. 'தோற்றம்' என்ற கட்டத்தில் 'தெளிவு' என்று எழுதிக் கீழே அவர் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கு வெளியே போகும், அந்த முந்நூறு போத்தல் மட்டும் விதிவிலக்கு. அந்தக் கட்டத்தில் அவர் வேறு சொல் எழுதியதே இல்லை. ஜெயராஜ் அந்தப் படிவத்தை எடுத்துக்கொண்டு அவருடைய மேசைக்கே வந்தார்.

"நாதண்ணே, நான் செஞ்ச மாதிரியே செய்யணும். அதே கலங்கல்."

"அது பார்முலா இல்ல பாஸ். தப்பு."

"விக்கிற தப்பு அண்ணே. 'நன்றாகக் குலுக்கவும்'னு லேபல்ல ஒரு வரி சேத்துரலாம். இன்னும் ஒரிஜினலாத் தெரியும்."

"ரோசாப்பூ இருக்குன்னு நெனச்சுல்ல பாஸ் வாங்குறாங்க?"

"நாம சொன்னமா? அவங்களா நெனச்சுக்குறாங்க." ஜெயராஜ் பேனாவை மேசையில் வைத்தார். "நீங்க சைன் பண்ணலன்னா பரவால்ல. ஷா ஆலம்ல ஒரு லேப் இருக்கு, ஆளோட ரெடியா இருக்காங்க. அப்புறம் இந்த எடத்துல உங்களுக்கு என்னா வேலைன்னு நீங்களே சொல்லுங்க."

வைகாசியில் கல்யாணம். மண்டபம் பிடித்தாகிவிட்டது, பத்திரிகை அச்சுக்குப் போய்விட்டது. பெண்ணின் தகப்பனார் வேலையில்லாதவர் என்ற செய்தி சம்பந்தி வீட்டுக்கு ஒரே பஸ்ஸில் போய் இறங்கிவிடும். கமலநாதன் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், மறுபடி மூடினார், மூன்று வாரம் அவகாசம் கேட்டார்.

தப்பைத் தவறாமல் செய்வது எவ்வளவு கடினம் என்று அந்த மூன்று வாரத்தில்தான் தெரிந்தது. முதலாளி அளவு எதையும் எழுதி வைக்கவில்லை. கலங்கவும் வேண்டும், பிரியவும் கூடாது. குளிர்ப்பெட்டியில் வைத்தது தெளிந்துவிட்டது, காரில் வைத்தது திரிந்துவிட்டது. தெளிந்த போத்தலைப் பார்த்து அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்ததை மலர்விழி அதற்கு முன் பார்த்ததில்லை. "தெளிஞ்சா நல்லதுதானங்க?" என்று அவர் கேட்டதும், போத்தலை எடுத்துப்போய்த் தொட்டியில் கொட்டினார். சோதனையும் தலைகீழானது. இப்போது பேப்பரில் ஒரு எழுத்துகூடத் தெரியக் கூடாது. அந்த மாதம் கிள்ளானில் இறந்தவர்கள் எல்லாரும் கமலநாதனுக்குத் தெரியாமலே போனார்கள். உறவினர்கள் இரண்டு கருமாதிகளைத் தவறவிட்டுவிட்டு அவரைக் கோபித்துக்கொண்டார்கள்.

கடைசியில் செய்து முடித்தார். வெயிலில் பிரியாத, குளிரில் தெளியாத, நிரந்தரமான கலங்கல். படிவத்தை இழுத்து, 'தோற்றம்' கட்டத்தில் 'கலங்கல்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டார். ஜெயராஜ் தோளில் தட்டிக்கொடுத்து, "பார்த்தீங்களா, மனசு வச்சா முடியும்" என்றார். கமலநாதன் கழிவறைக்குப் போய் வெகுநேரம் கை கழுவினார்.

கல்யாணத்தன்று உஷாராணி மூன்று பெட்டி பன்னீரைச் சீராக அனுப்பியிருந்தார். கலங்கல், ஒரிஜினல். மலர்விழிக்குத் தலைகால் புரியவில்லை. "ஊர்ல எல்லாரும் கடை கடையாத் தேடுறாங்க, நமக்கு வீடு தேடி வந்திருக்கு" என்று பெட்டியைத் திறந்து, மண்டப வாசலில் சந்தனத்துக்கும் கற்கண்டுக்கும் பக்கத்தில் அடுக்கினார். வெள்ளிப் பன்னீர்ச் சொம்பின் மூடியைத் திருகிக் கையில் வைத்துக்கொண்டு கணவரைத் தேடினார்.

பட்டுவேட்டியும் புதுச்சட்டையுமாக வந்த கமலநாதன், வெற்றிலைப் பைக்குள் கைவிட்டு ஒரு சப்பைப் போத்தலை எடுத்தார். போன ஞாயிற்றுக்கிழமை, ஆலையில் யாரும் இல்லாதபோது, நாற்பது நிமிடம் நின்று கிண்டித் தெளிய வைத்த பன்னீர்.

மலர்விழி போத்தலையும் அவர் முகத்தையும் பார்த்தார். "என்னாங்க நீங்க, இது வெள்ளிச் சொம்பு. உள்ள கலங்கலா இருந்தா என்னா, தெளிவா இருந்தா என்னா? யாருக்குத் தெரியப் போவுது?"

கேள்வி நியாயமானது. ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. வாசலில் சம்பந்தி வீட்டார் முதல் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

கமலநாதன் சுற்றுமுற்றும் பார்த்தார். பேப்பர் எதுவும் இல்லை. மேசையில் கிடந்த கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து விரித்தார், போத்தலை அதன் மேல் படுக்க வைத்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார். மண்டபத்தின் முகவரி தெரிந்தது. முகூர்த்த நேரம் தெரிந்தது. ஒவ்வொரு வரியாகப் போத்தலை மேலே நகர்த்திக்கொண்டே போனவர், 'ஷாமினி' என்ற பெயர் பிசிறில்லாமல் தெரிந்த இடத்தில் நிறுத்தினார். மலர்விழி சொம்பை நீட்டிக்கொண்டு நின்றார். கமலநாதன் அந்தப் பெயரின் மேலிருந்து போத்தலை எடுக்கவில்லை.