கடல் தெரியும் அறை

ஓட்டலில் தங்குபவர்களின் புகார்களைத் தொலைபேசியில் கேட்டுச் சமாளிப்பது அவர் வேலை. கூட இருப்பவர்கள் அவருக்கு வைத்த பெயர் தேன்வாய். வெந்நீர் வரவில்லை, கட்டிலில் மூட்டைப்பூச்சி என்று யார் கூப்பிட்டாலும், "ஆள் வந்துட்டே இருக்காங்க சார்" என்பார். ஆள் என்று ஒருவன் இருந்தால்தானே வருவான்? பிளம்பர் வேலையை விட்டுப் போய் வெகுநாளாகிறது.

மனைவி நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது கடல் தெரியும் அறை ஒன்றுதான். ஒருவழியாக லீவு கிடைத்து, கடலோர ஓட்டல் ஒன்றுக்கு அழைத்துப் போனார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. மனைவி தலைக்குக் குளிக்கும்போது குழாய் கையோடு வந்துவிட்டது.

அவர் கீழே போன் செய்தார்.

"ஆள் லிப்ட்ல ஏறிட்டாங்க சார்," என்றது ஒரு பெண்குரல்.

அந்த ஓட்டலில் லிப்டே இல்லை. பெட்டியை மாடிவரை சுமந்தவர் அவர்தான்.

"நல்லாத்தான் பேசுது பொண்ணு. எனக்கே காதுல பூ சுத்துறா," என்று ரசித்தார்.

"ஆள் வருவாங்களா?"

"வர மாட்டாங்க. நாங்களும் இப்படித்தான் சொல்லுவோம்."

மனைவி அவரையே பார்த்தாள். "அப்ப இத்தன வருஷமா நீங்க பாக்குற வேல இதுதானா?"

பதிலுக்குக் காத்திராமல், தலையில் ஷாம்பு நுரையோடு கீழே இறங்கிப்போய் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்தாள். பெட்டிகளோடு அப்போதுதான் வந்த ஒரு குடும்பம், "கடல் தெரியுமா?" என்று கேட்டது. "எல்லா ரூம்லயும் தெரியும்" என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

"மொட்டை மாடில எக்கிப் பாத்தா தெரியும்," என்றாள் இவள். "குளிக்கிறதா இருந்தா வீட்லயே குளிச்சிட்டு வந்துருங்க."

குடும்பம் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு திரும்பியது. மேனேஜர் சாவியோடு ஓடி வந்தார். "கடல் பக்கத்து ரூம் இப்பதான் மேடம் காலியாச்சு." கதவைத் திறந்தால் உள்ளே ஒட்டடை தொங்கியது.

மனைவி குளித்துவிட்டுக் கடலைப் பார்த்தபடி இருந்தாள். ஊர் திரும்பும்வரை அவரோடு பேசவில்லை.

வேலைக்குத் திரும்பிய அன்று ஒருவர் வெந்நீர் கேட்டுக் கூப்பிட்டார். பழைய பதிலைச் சொல்லத் தேன்வாய்க்கு நாக்கு எழவில்லை. "வராது சார். சரி பண்ண ஆளே இல்ல."

முதலாளி அழைத்தார். "உங்களுக்குக் குரல் கெட்டுப் போச்சுங்க," என்று சலவைப் பகுதிக்கு மாற்றிவிட்டார்.

வீட்டில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"துணியாவது வெளுக்கும்ல," என்ற மனைவி, சாப்பிடத் தட்டு எடுத்து வைத்தாள்.