தண்ணீர் வராத குழிகளும் சேர்த்து

யாருக்கு மெயில் எழுதுவதாக இருந்தாலும் ஜான் பாஷா முதலில் அவர்களுக்கு ஒரு போன் போட்டுவிடுவார். வலைத்தளத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் எண்ணை, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, திரைக்குப் பக்கத்தில் போய்ப் படிப்பார். மறுமுனையில் எடுக்கும்வரை இடது கையால் மேசை விளிம்பைத் துடைத்துக்கொண்டிருப்பார், தூசி இருந்தாலும் இல்லாவிட்டாலும். எடுத்தவரிடம் கேட்பது ஒன்றுதான்: கடை திறந்திருக்கிறதா? ஆமாம் என்றால் "சந்தோசங்க" என்று வைத்துவிடுவார். யாரும் எடுக்காவிட்டால் அந்தப் பெயரின் மேல் பென்சிலால் ஒரு கோடு.

எங்கள் அலுவலகம் சேலத்தில் ஓர் உதிரிபாகக் கடையின் மாடியில் இருக்கிறது. முதலாளி யோகேஷ், ஜான் பாஷா பாய், நான், மூன்றே பேர். கூகுளில் தேடுகிறவர்கள் கண்ணில் சின்னச் சின்னத் தொழில்களைப் படவைப்பது எங்கள் வேலை. ஒரு தளத்தை நம்பி மற்ற தளங்கள் லிங்க் கொடுத்தால் தேடலில் அதற்கு மதிப்புக் கூடும். அந்த லிங்க்குகளைச் சேர்ப்பது பாய் பொறுப்பு. எழுதுவது என் பொறுப்பு. பாய் பதினைந்து வருடம் லாரிகளுக்குத் தார்ப்பாய் விற்றுவிட்டு இந்த வேலைக்கு வந்தவர். ஆள் இருக்கிறதா என்று பார்க்காமல் சரக்கு இறக்கிப் பழக்கமில்லை என்பார்.

மதிய இடைவேளையில் நான் வைத்திருந்த கவிதைப் புத்தகத்தை ஒரு நாள் வாங்கிப் புரட்டினார். "என்ன தம்பி, வரியெல்லாம் பாதியிலயே நின்னு போச்சு? பேப்பர் வெல ஏறிக் கெடக்குதே" என்றார். அதன்பிறகு நான் படிக்கும்போதெல்லாம் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்துவிட்டுப் போவார்.

தை மாதத்தில் திருச்செங்கோட்டுச் சின்னுசாமியை அவர்தான் கூட்டிவந்தார். ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போடும் ரிக் வண்டி இரண்டு வைத்திருப்பவர். முன்பு யாரோ அவர் தளத்துக்கு ஒரே மாதத்தில் மூவாயிரம் லிங்க் வாங்கிப் போட்டிருந்தார்கள். எல்லாம் சூதாட்டத் தளங்கள், முடி வளரும் மாத்திரை விற்கும் தளங்கள். ஒரு காலத்தில் அந்த வித்தை பலித்தது. இப்போது தேடுபொறி அதை மோப்பம் பிடித்துவிடுகிறது. சின்னுசாமியின் பெயரை முழுசாகத் தட்டினால்கூட அவர் தளம் வரவில்லை. போர் போடும் காலமே பங்குனி, சித்திரைதான். சித்திரை பிறப்பதற்குள் போர் போடக் கேட்டு போன் வரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். யோகேஷ் ஒரு படி மேலே போனார். இந்த வாடிக்கையாளர் போனால் பாயின் போன் வேலையும் அதோடு முடிந்தது, அவர் தார்ப்பாய்க்கே திரும்பிக்கொள்ளலாம் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். பாயும் சிரித்தார். ஆனால் அன்று மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

குப்பை லிங்க்குகளை எடுக்கச் சொல்லி ஒவ்வொருவருக்காக எழுதியதில் ஒரு மாதம் போனது. எடுக்காதவற்றை, எங்களுக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை என்று தேடுபொறியிடமே எழுதிக் கொடுத்தோம். பிறகு இருவரும் திருச்செங்கோடு போனோம். பட்டறையில் நின்ற ரிக் வண்டியின் கேபினில் எண்ணெய்க் கறையோடு நான்கு நோட்டுகள் கிடந்தன. ஒவ்வொரு போருக்கும் எந்த ஊர், எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் தண்ணீர் என்று டிரைவர் எழுதிவைத்தவை. ஆறு வருடக் கணக்கு. பாய் டயர் மேல் உட்கார்ந்து முழுதும் படித்தார். இதை ஊர்வாரியாகத் தளத்தில் போடுவோம், கேட்டு வாங்காமலே லிங்க் வரும் என்றார்.

சின்னுசாமிக்குச் சம்மதம்தான். தண்ணீர் வராதவற்றை மட்டும் விட்டுவிடச் சொன்னார்.

"ஏனுங்க பாய், போர் போடறவனுக்குக் கைராசிதானுங்க முக்கியம். நம்ம வண்டி எங்கெங்க ஏமாத்துச்சுன்னு நாமளே போர்டு எழுதி வெக்கறதுங்களா?"

தண்ணீர் வந்ததை மட்டும் போட்டால் அது விளம்பரம், விளம்பரத்துக்கு யாரும் லிங்க் கொடுக்கமாட்டார்கள் என்று பாய் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை. கடைசியில் பாய் நோட்டில் ஒரு வரியின் மேல் விரலை வைத்தார்.

"மத்ததெல்லாம் வேண்டாங்ண்ணா. இது ஒண்ணை மட்டும் போடறேன். இதனால ஒரு ஆள் திரும்பிப் போனாலும் எல்லாத்தையும் எடுத்துடறேன்."

அயோத்தியாப்பட்டணம், தொள்ளாயிரத்து இருபது அடி, தண்ணீர் இல்லை. சின்னுசாமி அந்த வரியைப் பார்த்தார், பாயைப் பார்த்தார். நோட்டை மூடி அவர் கையிலேயே கொடுத்து, "அதைப் போடறதுன்னா எல்லாத்தையுமே போட்டுருங்க" என்றார். அவர் ஏன் இறங்கிவந்தார் என்று எனக்குப் புரியவில்லை. கேட்கவும் கூச்சமாக இருந்தது.

முந்நூற்றுப் பதினெட்டு போர்கள். பெயர் போடாமல் ஊர் மட்டும்தான், இருந்தாலும் பாய் ஒவ்வொரு தோட்டத்துக்கும் போன் செய்து ஒப்புதல் கேட்டார். நான் அட்டவணை அடித்தேன். தண்ணீர் வராத இடங்களில் கடைசிக் கட்டம் காலியாக நின்றது. பாய் எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவும் உங்க புஸ்தகமாட்டமே இருக்குது" என்றார்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. மற்ற இடங்களில் மாதம் ஐம்பது லிங்க் வாங்குகிறார்கள், நமக்கு எத்தனை என்று யோகேஷ் தினமும் கேட்டார். நான்காவது வாரம் நித்யஸ்ரீ என்று ஒரு மாணவி எழுதினாள். நிலத்தடி நீர் பற்றி ஆய்வு செய்கிறாளாம். காய்ந்த போர்களையும் சொல்கிற பட்டியல் வேறெங்கும் தனக்குக் கிடைக்கவில்லை, தன் கல்லூரித் துறையின் இணையப் பக்கத்தில் லிங்க் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாள். பாய் அவளுக்கும் போன் போட்டு, "காலேஜ் தொறந்திருக்குதாம்மா?" என்றார். அடுத்து ஒரு விவசாயிகள் குழு, பிறகு ஒரு செய்தித் தளம். மொத்தம் பதினொன்று. மூவாயிரம் செய்யாததைப் பதினொன்று செய்தது. கேள்விக்குத் தானே பதில் எழுதித் தரும் புதுத் தேடலிலும், எங்கள் ஊர்ப்பக்கம் தண்ணீர் எத்தனை அடியில் என்று கேட்டால், பதிலுக்குக் கீழே சின்னுசாமியின் பெயர் வர ஆரம்பித்தது.

பங்குனிக் கடைசியில் அவரே கூப்பிட்டார். பாய் ஸ்பீக்கரில் போட்டார்.

"பாய், தண்ணி வரலீன்னு எழுதியிருக்கறதைப் பாத்துட்டுத்தானுங்க கூப்புடறாங்க. இந்த ஆளு பொய் சொல்லமாட்டான்னு நெனைக்கறாங்களாட்ட இருக்குது. இன்னொரு வண்டி வாடகைக்கு எடுக்கப் போறேனுங்க."

யோகேஷ் எழுந்து போய் மூன்று டீ சொன்னார். பாய் மேசையைத் துடைக்கவில்லை.

பக்ரீத் அன்று சாப்பிடக் கூப்பிட்டார். அவர் வீடு எங்கே என்று அதுவரை நான் கேட்டதே இல்லை. அயோத்தியாப்பட்டணம். வாசலில் நீல டிரம்கள் வரிசையாக நின்றன. பக்கத்தில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரு போர்வெல் கேசிங் பைப், மூடிபோட்டு, மேலே புதினாத் தொட்டி. நான் அதையே பார்ப்பதைக் கவனித்த அவர் மனைவி அஜீஸுன்னிசா, பிரியாணித் தட்டை என் கையில் கொடுத்தபடி சொன்னார்: "அது திருச்செங்கோட்டு அண்ணன் வண்டி போட்டதுதான் தம்பி. தொள்ளாயிரத்து இருபது அடி, வெறும் தூசி. டிரைவர் மொகத்தைத் தொங்கப் போட்டுட்டு ஒக்காந்துட்டாரு. இவுரு அவுங்க அஞ்சு பேத்தையும் கைகழுவச் சொல்லி, சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினாரு."