பெயர் சொல்லும் நாள்

ஜார்ஜ்டவுன் கோர்ட்டில் என் தமிழை மலாயில் மொழிபெயர்த்தவரின் பெயர் எனக்குத் தெரியாது. ஒல்லியான உடம்பு, இடுப்பில் நிற்காத கறுப்புக் கால்சட்டை. நாம் பேசுவதைக் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார்.

சாலை வரியான ரோட்டெக்ஸ் முடிந்த மோட்டார் சைக்கிளை ஓட்டியதற்கு எனக்குச் சம்மன் வந்திருந்தது. குறித்த நாளில் நான் போகாததால் வாரண்ட் போட்டுவிட்டார்கள். மறுநாள் மகளுக்கு நிச்சயதார்த்தம். உள்ளே வைத்துவிடுவார்களோ என்று முருகனைக் கூப்பிட்டபடி நானாகவே போய் நின்றேன்.

“ஏண்ணே அன்னிக்கு வரல?” என்று மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

“தாள்ல மலாயில ‘செபுத்தான்’னு போட்டிருந்துச்சு சார். செபுட்னா சொல்றதுதானே? பேர மட்டும் சொல்லுவாங்க, நாம எதுக்குன்னு இருந்துட்டேன்.”

“இது என்ன அர்ச்சனையா, ஆளு வராட்டியும் பேரு நட்சத்திரம் சொல்லி முடிக்க? கோர்ட்ல பேரு சொன்னா ஆளு நிக்கணும்லா.”

“லாக்கப்புல போட்டுருவாங்களா சார்?”

“போட்டா சைவச் சாப்பாடு கேட்டு வாங்கித் தரேன்.”

மாஜிஸ்திரேட் அம்மா காரணம் கேட்டபோது, “தெரியாமப் போச்சுங்க, மன்னிச்சிருங்க” என்றேன். மொழிபெயர்ப்பாளர் அதை மலாயில் சொன்னார், சொன்னார், சொல்லிக்கொண்டே இருந்தார். கடைத்தெருவில் கற்ற என் பாசார் மலாய்க்கு அதில் ‘குயில்’ மட்டும்தான் பிடிபட்டது. கோயிலை மலாயில் அப்படித்தான் சொல்வார்கள். அந்த அம்மா வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். வாரண்ட் ரத்தானது.

வெளியே வந்ததும், “என்ன சார் சொன்னீங்க?” என்றேன்.

“நீங்க சொன்னதத்தான். கூடச் சொன்னா வேலை போயிரும்ண்ணே.”

மகளுக்குக் கல்யாணமும் ஆகிவிட்டது. மூன்று வார்த்தைக்கு மலாயில் அவ்வளவு நீளமா என்பது மட்டும் எனக்கு இன்னும் விளங்கவில்லை.