நெலிதா கடையில் திருப்பிக் கொடுத்த பொட்டலங்கள்

நெலிதா ஒயார்சூன் வாயைத் திறந்தால் அன்குத் என்ற தீவு ஊரின் பேருந்து நிலையத்தில் நாய்கூட நின்று கேட்டுவிட்டுத்தான் போகும். சும்மா சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் அங்கே ஒலிபெருக்கி முன்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த மேடையில் நிற்கும் என்று அறிவித்தவள் அவள். தகரக் கூரையில் மழை அடித்து ஊற்றினாலும் அவள் குரல் கடைசிப் பயணியின் காது வரைக்கும் போகும். தன்னால் ஒருத்தர்கூட வண்டியைத் தவறவிட்டதில்லை என்பதில் அவளுக்கு அப்படி ஒரு கர்வம். இருந்துவிட்டுப் போகட்டுமே, நியாயமான கர்வம்தான்.

பதிவு செய்த குரல் ஒன்றை நிலையத்தில் வைத்துவிட்டு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவள் மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆள் இல்லை. மேட்டுத் தெருவில் கடை போட்டாள். ரொட்டி, உருளைக்கிழங்கு, சோப்பு, விறகு. கடை நடுவில் இரும்பு விறகடுப்பு, அதை ஒட்டி இரண்டு பெஞ்சு. மழை ஓயாத ஊரில் அடுப்பெரிகிற கடைக்கு வந்தவர்கள், சாமான் வாங்கிய கையோடு கிளம்பிவிடுவார்களா என்ன? மாத்தே என்கிற மூலிகைத் தேநீரைக் குழலில் உறிஞ்சிக்கொண்டு, வருகிறவர் போகிறவர் கதையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எதிர்வீட்டு எர்சிராவுக்கு அந்தப் பெஞ்சில் நிரந்தர இடமே உண்டு.

மூன்று வருஷத்துக்கு முன் ஆன்லைன் வியாபாரக் கம்பெனி ஒன்று அவள் கடையைத் தேடி வந்தது. வாங்கினது பிடிக்கவில்லையா, அளவு சரியில்லையா, நெலிதா கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்துவிடலாம். அவள் செய்ய வேண்டியதெல்லாம் ஆளுடைய ரூத் எண்ணைத் தட்டி, பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து, காரணத்தைக் குறித்துக்கொள்வதுதான். அந்த நாட்டில் ரூத் எண்ணைச் சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. அடையாள அட்டையில் இருக்கிற அந்த எண்ணை மருந்துக்கடையில், செருப்புக்கடையில், எங்கே கேட்டாலும் சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அதில் தப்பிருக்கிறது என்று யாருக்கும் தோன்றியதில்லை. நெலிதாவுக்கும் தோன்றவில்லை, முதல் வாரம் வரைக்கும்.

அந்த வாரம், ஊரார் மரியாதையாகத் 'தோன்' சேர்த்துக் கூப்பிடுகிற குளோதோமிரோ ஒரு பொட்டலத்தோடு வந்தார். அறுபது தாண்டியவர், மனைவியை இழந்த மனுஷர், நல்ல வேட்டியும் சட்டையுமாக என்று நம் பக்கத்தில் சொல்வோமே, அப்படி எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வருவார். நெலிதா எண்ணைக் கேட்டாள், தட்டினாள், திரையில் வந்ததைப் பழக்கதோஷத்தில் அப்படியே அறிவித்தாள்.

"குளோதோமிரோ மான்சில்யா. வயிறு இறுக்கும் பெல்ட், ஆண்களுக்கு, நடுத்தர அளவு. காரணம், பத்தவில்லை."

பெஞ்சிலிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு எர்சிரா கேட்டாள்: "பெல்ட் பத்தலியா தோன் குளோதோமிரோ, இல்ல வயிறு அடங்கலியா?"

அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நெலிதாவும் சிரித்தாள், அதை மறைப்பானேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். ஊர்த் திருவிழா நடனத்துக்குக் கொடுத்திருந்த பேரை அன்றைக்கே போய் அடித்துவிட்டார் என்று மறுநாள் தெரியவந்தது. அதற்குப் பிறகு அவர் ரொட்டிக்காக மேடு இறங்கி வேறு கடைக்குப் போக ஆரம்பித்தார். நெலிதாவுக்குச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு வருஷம் ஒருத்தரையும் தவறவிடாத குரல், ஒரு நல்ல மனுஷரைத் தெருவில் தலைகுனிய வைத்துவிட்டதே என்று வெட்கத்தில் குமைந்தாள்.

அதிலிருந்து கடையின் முறையே மாறிப்போனது. யாரும் எண்ணை வாயால் சொல்லக் கூடாது. துண்டுச் சீட்டில் எழுதித் தரவேண்டும், வேலை முடிந்ததும் அவர்கள் கண்முன்னாலேயே சீட்டு அடுப்புக்குள் போகும். பொட்டலத்தை உருளைக்கிழங்கு அறைக்குள் எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டுதான் பிரிப்பாள். காரணத்தை விரலால் தொட்டுக் காட்டினால் போதும். "என்னமோ ராணுவ ரகசியம் மாதிரி பண்றாளே" என்று எர்சிரா முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும். ஒரே வருஷத்தில் பக்கத்துத் தீவிலிருந்துகூடப் படகேறி நெலிதா கடைக்கு வந்து திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஏன் இவ்வளவு தூரம் என்று யாரும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியும்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு திங்கட்கிழமை இர்மா வந்தாள். பள்ளிக்கூடச் சமையல்காரி, எப்போதும் தலையில் வெள்ளைத் துணி கட்டியிருப்பவள். நெலிதா அறைக்குள் போய்ப் பொட்டலத்தைப் பிரித்தாள். பழுப்பு நிறச் செயற்கை முடி, தலை முழுக்க மாட்டிக்கொள்கிற விக். மாதத்துக்கு இரண்டு தடவை இர்மா 'பெரியம்மா மகளைப் பார்க்க' புவெர்தோ மோன்ட் நகரத்துக்குப் போய்வந்தது முடியைக் கொட்ட வைக்கிற புற்றுநோய் வைத்தியத்துக்கு என்று அப்போது அவளுக்குப் புரிந்துவிட்டது. பொட்டலத்தை மறுபடி கட்டினாள். வெளியே வந்தாள். இர்மா திரையில் 'அளவு சிறியது' என்பதைத் தொட்டாள். பிறகு மெதுவாக, "யாஸ்னாவுக்குத் தெரியாதுக்கா. நான்தான் சொல்லணும். வேற யார் சொல்லியும் அவ கேட்டுடக் கூடாது" என்றாள். சீட்டு எரிந்து முடிகிற வரைக்கும் இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

யாஸ்னா இர்மாவின் ஒரே மகள், வல்திவியா நகரத்தில் நர்சிங் கடைசி வருஷம். வியாழக்கிழமை இறுதிப் பரீட்சை. இர்மா பேருந்து நிலையத்தில் எம்பனாதா என்கிற சமோசா மாதிரிப் பலகாரம் விற்ற காலத்தில், அந்தக் குழந்தை தூங்கினதெல்லாம் நெலிதாவின் ஒலிபெருக்கி மேசைக்குக் கீழேதான்.

செவ்வாய்க்கிழமை காலை கடைத் தொலைபேசி அடித்தது.

"அத்தே, யாஸ்னா பேசறேன்."

"சொல்லு கண்ணு. படிக்கலியா?"

"அம்மா உங்க கடையில எதையோ திருப்பிக் குடுத்திருக்காங்க. ஆர்டர் பண்ணும்போது என் போன் நம்பரைக் குடுத்திருப்பாங்க போல, எனக்கு மெசேஜ் வந்துச்சு. என்ன பொருள்னு அதுல இல்ல. கேட்டா, நான் ஒண்ணுமே வாங்கலியேங்கறாங்க. அம்மா எங்கிட்ட பொய் சொன்னதே இல்ல அத்தே. என்ன அது?"

எர்சிரா மாத்தேக் குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டாள்.

"உங்கம்மாவையே கேளு" என்றாள் நெலிதா.

"கேட்டுட்டேங்கறேனே! உடம்புக்கு ஏதாவதா? ஆமா, இல்ல, ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

'இல்லை' என்றால் பொய். 'ஆமாம்' என்றால், இர்மா கேட்டுக்கொண்டதை அவளே போட்டு உடைத்த மாதிரி. மறுமுனையில் குழந்தை அழுகையை அடக்குகிற சத்தம் கேட்டது.

"கண்ணு, நாளைக்கு நீ ஒரு ஜோடி சாக்ஸைத் திருப்பிக் குடுத்து, உங்கம்மா வந்து கேட்டாலும் இதையேதான் சொல்வேன். இந்த மேசை மேல வச்சது எதுவும் என் வாய்க்கு வராது."

"என்னைத் தூக்கி வளர்த்தவங்க நீங்க. யாரோ கம்பெனிக்காரி மாதிரி பேசறீங்க."

"பேசிட்டுப் போறேன்."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. எர்சிரா எழுந்தே வந்துவிட்டாள். "இர்மா பொண்ணுதானே? இர்மாவுக்கு என்னடி?"

"உனக்குச் சுடுதண்ணி வேணுமா, வேண்டாமா?"

"வேணும்."

"அப்ப அதை மட்டும் கேளு."

ஆனால் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மத்தியானம், சரித்திரத்திலேயே முதல்முறையாக, அடுப்படிக் கூட்டத்தை மழைக்குள் விரட்டிவிட்டுக் கடையைப் பூட்டினாள். பள்ளிக்கூடச் சமையல்கட்டுக்கு நேராகப் போனாள். இர்மா அவளைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"யாஸ்னா கேட்டா" என்றாள் நெலிதா.

"சொல்லிட்டீங்களா?"

"ஒரு எழுத்து சொல்லல. ஆனா பொண்ணு பயந்துபோயிருக்கா."

"தெரிஞ்சா பரீட்சையைப் போட்டுட்டு பஸ் ஏறிடுவாக்கா."

"உன் பொண்ணு, உன் உடம்பு. நான் யோசனை சொல்ல வரல. அவ கேட்டான்னு உனக்குத் தெரியணும், அதுக்குத்தான் வந்தேன்." சொல்லிவிட்டு நனைந்துகொண்டே திரும்பி வந்தாள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் நெலிதா சரியாகத் தூங்கவில்லை. குழப்பத்திலேயே போய்ப் பெண் பரீட்சையில் கோட்டை விட்டால்? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடி முழுகிப் போயிருக்கும்? பிறகு தன்னைத்தானே கடிந்துகொள்வாள். அது தன் வார்த்தை இல்லை, இர்மாவின் வார்த்தை.

வெள்ளிக்கிழமை அம்மாவும் மகளும் ஒரே குடைக்குள் வந்தார்கள். கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. யாஸ்னாவின் கண்கள் வீங்கியிருந்தன.

"செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அம்மா போன் பண்ணினாங்க" என்றாள். "ஒரு மணி நேரம் பேசினோம். அம்மா அழுது நான் பார்த்ததே இல்ல அத்தே. பரீட்சை எழுதிட்டேன். அம்மா எழுதித்தான் ஆகணும்னாங்க." குடையை மடக்கிச் சாத்தினாள். "உங்க மேல பயங்கரக் கோபம் எனக்கு."

"இன்னும் ரெண்டு நாள் வச்சுக்கோ, எனக்கொண்ணும் குறைஞ்சுபோகாது" என்றாள் நெலிதா.

யாஸ்னா சிரித்துவிட்டாள், பிறகு மேசையைச் சுற்றி உள்ளே வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். இர்மா அந்தப் பக்கமே நின்றாள். தலைத்துணியைச் சரி செய்துகொண்டு பேசினாள்.

"ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் தெரியும்க்கா. டாக்டருக்கு, நர்சுக்கு, மருந்து குடுக்கிறவனுக்கு, எல்லாருக்கும் என்னைக் கேக்காமலே தெரிஞ்சுது. என் பொண்ணுக்கு மட்டும்தான் நானே சொன்னேன்."

நெலிதா இரண்டு பேருக்கும் நாற்காலி இழுத்துப் போட்டாள், தண்ணீர் கொதிக்க வைத்தாள். பதினெட்டு வருஷம் ஊரையே கேட்க வைத்தவளுக்கு, அந்த வாரம் தான் பேசாமல் இருந்ததை நினைக்கையில் வந்த பெருமை அதற்கு முன் வந்ததே இல்லை.